குசினியும் முற்றமும்: ஆடி மாதக் கேள்வி பதில்

சோளகம் வீசத் தொடங்கிவிட்டது. முற்றத்தில் எது காயப்போட்டாலும் காய்கிறது, ஆடிப்பிறப்பும் வாசலில் நிற்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கூழைப் பற்றியவை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஆடிக்கூழ் காய்ச்சினால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று பிழைக்கிறது. ஒருமுறை மா கட்டிபட்டது, மறுமுறை பயறு வேகவே இல்லை, போன வருடம் பால் திரிந்துவிட்டது. ஆறு பேருக்கு அளவோடு சொல்லுங்கள்.
*வாசகி, கோண்டாவில்*

மூன்று பிழைக்கும் காரணம் ஒன்றுதான்: போடும் ஒழுங்கு. பொருள்கள் சரியாக இருந்தாலும் முன்பின்னாகப் போட்டால் கூழ் கெடும்.

ஆறு பேருக்கு வேண்டியவை: பயறு 100 கிராம், பச்சரிசி மா 250 கிராம், பனங்கட்டி 300 கிராம், தேங்காய் ஒன்றரை (ஒரு முழுக்காய் பாலுக்கு, பாதி சொட்டுக்கு, அதாவது சிறு துண்டுகளாக அரிய), மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம், ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயைப் பிழிந்து முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம்பால் இரண்டு கோப்பை எடுத்து வேறுவேறாக வையுங்கள்.

பயற்றை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, சுளகில் கோதைப் புடைத்துவிடுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீரில் பயற்றை மட்டும் அவியுங்கள். விரலிடையில் வைத்து நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் உருக்குலையக் கூடாது. அதுவரை பனங்கட்டி பக்கத்திலேயே வரக்கூடாது. இனிப்பு முதலில் சேர்ந்தால் பயறு இறுகிவிடும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் மசியாது. பனங்கட்டியில் சுண்ணாம்பும் இருக்கிறது. பனஞ்சாறு புளிக்காமல் இருக்க முட்டியில் பூசுகிற சுண்ணாம்பு அது, அதுவும் பருப்பு வேகுவதைத் தடுக்கும். இன்னொரு தடை நமது கிணற்றுத் தண்ணீர். அதற்கான வழி அடுத்த பதிலில் இருக்கிறது.

மாவில் பாதியை உப்பிட்டு, கொதிநீர் விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டிலும் சிறிய உருண்டைகளாகப் பிடியுங்கள். பயறு வெந்ததும் தேங்காய்ச் சொட்டைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது உருண்டைகளைப் போடுங்கள். கொதி அடங்கிய தண்ணீரில் விழுந்தால் உருண்டை கரைந்து போகும். போட்ட உடனே அகப்பை வைத்துக் கிண்டவும் வேண்டாம். ஐந்தாறு நிமிடத்தில் தாமாகவே மேலே மிதக்கும்.

மீதி மாவை ஆறிய இரண்டாம்பாலில் கரைத்து, அரிதட்டில் வடித்து, ஒரு கையால் ஊற்றியபடியே மறுகையால் துழாவுங்கள். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு துணிக்கையின் வெளிப்புறமும் முதலில் வெந்து பசையாகி, உள்ளே பச்சை மாவைப் பூட்டி வைத்துக்கொள்ளும். நீங்கள் கண்ட கட்டி அதுதான். மா வெந்து கூழ் பளபளக்கும்போது, தனியே ஒரு கோப்பைத் தண்ணீரில் உருக்கி வடித்த பனங்கட்டியை விடுங்கள். வடிக்காமல் போட்டால் மணல் பல்லில் கடிபடும்.

மிளகு, சீரகம், ஏலக்காய்த் தூளும் முதற்பாலும் கடைசியில்தான். பால் விட்டபின் ஓரத்தில் சிறு நுரை எழும்புகிற வேளையில் இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கொதித்தால் எண்ணெய் பிரிந்து பால் திரியும். அடுப்பிலிருக்கும்போது கூழ் கொஞ்சம் தண்ணீராகத் தெரிந்தால் அதுவே சரியான பதம். ஆறும்போது இறுகும். பிலாவிலையைக் கோலிக் குடிக்கிறீர்களானால் இன்னும் சற்று இளக்கமாக இருக்கலாம்.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சுரண்டினால் கீறல் விழுகிறது. இந்தத் தண்ணீர் உடம்புக்குக் கூடாதா?
*வாசகர், சுன்னாகம்*

படிவது சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிறது. மழைநீர் அதனூடே ஊறித்தான் கிணற்றுக்கு வருகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு சூடேறியதும் வெளியே வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தப் படிவால் உடம்புக்குக் கேடு என்று பயப்பட வேண்டாம். கேத்தலுக்குத்தான் கேடு, கரண்டும் கூடுதலாக எரியும்.

சுரண்ட வேண்டாம். ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, கொதித்ததும் நிறுத்தி, அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள். படிவு பொருபொருவென்று கழன்று வரும். தேசிக்காய்ச் சாறும் உதவும், தடித்த படிவுக்கு நாலைந்து காய் வேண்டும். பிறகு இரண்டு தடவை வெறுந்தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரமானால் புளிப்பை நெடுநேரம் விடக்கூடாது, உலோகத்தை அரித்துவிடும். வினாகிரியோடு குளோரின் எதையும் சேர்க்கவே வேண்டாம், நச்சு வாயு எழும்பும்.

பயறு, கடலை அவிக்கவும் தேநீருக்கும் முதல்நாள் இரவே தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, காலையில் அடியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வடித்து எடுங்கள். சுண்ணாம்பின் பெரும்பகுதி அடியில் நின்றுவிடும். தேநீரின்மேல் மிதக்கும் ஏடும் குறையும்.

பனையோலைக் கூம்பான நீத்துப்பெட்டியில் புட்டு அவித்தால் மேலே மா வெள்ளையாகவே கிடக்கிறது, கீழே களியாகிறது. பெட்டியிலும் கறுப்புப் புள்ளிகள். ஸ்டீமருக்கு மாறிவிடவா?
*வாசகி, சாவகச்சேரி*

மாற வேண்டாம். ஓலை மிதமிஞ்சிய நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். உலோகக் குழலில் அது துளியாகி மாவின்மேலேயே விழும். நீத்துப்பெட்டிப் புட்டின் உதிரிப் பதமும் ஓலை வாசமும் வேறெதிலும் வராது.

முதலில் மா. வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கோப்பைக்கு அவித்த கோதுமை மா ஒரு கோப்பை. பச்சைக் கோதுமை மாவைச் சேர்த்தால் நீர் பட்டதும் இழுபடும் பசை உண்டாகும். துணியில் தளர்வாகக் கட்டி முக்கால் மணித்தியாலம் அவித்து, சூடு ஆறுமுன் அரித்தெடுத்தால் அந்தப் பசைத்தன்மை செத்துவிடும். ஆறவிட்டால் கல்லாகிவிடும், பிறகு உரலில் இடிக்க வேண்டியதுதான்.

உப்பு முக்கால் தேக்கரண்டி. கொதித்துச் சற்று அடங்கிய நீர் ஏறக்குறைய ஒன்றரைக் கோப்பை. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். வறுவல் கூடிய மா கூடுதலாகக் குடிக்கும், குறைந்த மா குறைவாக. பதம் பார்க்க, ஒரு பிடி பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகு தகரப் பேணியின் வாயால் பயறளவு உதிரியாகும்வரை கொத்துங்கள். தேங்காய்ப்பூ ஒரு கோப்பை கடைசியில். அதைச் சேர்த்துக் கொத்தினால் பால் கசிந்து மா ஒட்டும்.

இனி அவித்தல். பானையில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் போதும். பெட்டியின் நுனி தண்ணீரைத் தொட்டால்தான் உங்களுக்குக் கீழே களி வருகிறது. மேலே வெள்ளையாகக் கிடப்பது நீராவி அங்கே ஏறாததால். பெட்டிக்கும் பானை வாய்க்கும் இடையே அது தப்பிப் போகிறது. ஈரத்துணியை முறுக்கி அந்த இடைவெளியைச் சுற்றிக் கட்டுங்கள். மாவை அழுத்தாமல் தூவி நிரப்பி, நடுவில் காம்பால் இரண்டு துளை விடுங்கள். மூடியோரம் எல்லாம் ஆவி வந்ததிலிருந்து பத்து நிமிடம்.

புள்ளிகள் பூஞ்சணம். மேலோட்டமாக இருந்தால் வினாகிரித் துணியால் துடைத்து, கொதிநீர் ஊற்றி, நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். இழையின் உள்ளே கறுத்திருந்தால் புதுப்பெட்டி வாங்குங்கள், சாப்பாட்டு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். புதுப்பெட்டியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, இரண்டு தடவை வெறுமனே அவித்தால் பச்சையோலை மணம் போகும். கழுவத் தும்பும் தண்ணீரும் போதும், சவர்க்காரம் ஓலையில் ஊறி அடுத்த புட்டில் மணக்கும். முன்பு விறகடுப்புப் புகை பெட்டியைக் காத்தது. காஸ் அடுப்புக் குசினியில் அந்தக் காவல் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் காற்றுப்படக் கவிழ்த்துத் தொங்கவிடுவதைத் தவறவிடாதீர்கள்.

வெங்காயம், பழம், தலைக்கணித் துணிகள் வைக்கப் பனையோலைப் பெட்டிகள் வாங்க ஆசை. சந்தையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?
*வாசகி, பருத்தித்துறை*

கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பெட்டியின் தரம் அடிமூலையில் இருக்கிறது. நல்ல இழைப்பில் ஓலை மூலையில் மடிந்து திரும்பி, நுனி உள்ளே செருகப்பட்டிருக்கும். அவசர வேலையில் நுனிகள் வெட்டி விடப்பட்டிருக்கும், ஒரு மாதத்தில் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை ஒளி சீராகத் தெரிந்தால் நல்லது, ஓரிடத்தில் மட்டும் நீண்ட கீற்றாகத் தெரிந்தால் அங்கே ஓலை கிழிந்திருக்கிறது. அடுத்தது விளிம்பு. நாரால் நெருக்கமாகக் கட்டியது பல வருடம் நிற்கும், நூலால் தைத்தது அத்தனை உழைக்காது. பாரம் வைக்கப் போகிறீர்களானால் மூலைகளுக்கும் அடிக்கும் நார் பொத்திய கடகமே சரி.

சாயமிட்ட பெட்டியை நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் துணி, பழம் இரண்டுக்கும் உதவாது. உணவுப் பொருளுக்குச் சாயமிடாத சார்வோலைப் பெட்டிதான், அதாவது இளம் பனையோலையில் இழைத்ததுதான், எங்கள் தெரிவு. அந்த இளமஞ்சள் நிறம் நாளாக நாளாகத் தேன்நிறமாகும். மரத் தட்டிலும் சீமெந்துச் சுவரிலும் அதைவிடப் பொருந்துகிற நிறம் வேறில்லை.

வெங்காயத்துக்கு மூடியில்லாத, வாயகன்ற பெட்டி. துணிக்கு மூடிப்பெட்டி. சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள், மார்கழி ஈரம் சுவர்வழியே வரும். நாளெல்லாம் வெயில்படும் யன்னலோரமும் வேண்டாம், ஓலை நொறுங்கும். ஏற்கெனவே முறுகிப்போன பெட்டியை ஓரிரவு ஈரத்துணியால் சுற்றிவைத்தால் இளகும், அதன்பின் வடிவம் திருத்தி நிழலில் காயவிடலாம்.

சேமித்த வேப்பம்பூவில் வடகம் போட்டேன். நடுவில் பூஞ்சணம் பிடித்தது, பொரித்தால் கசக்கிறது.
*வாசகி, மானிப்பாய்*

வேப்பம்பூ வடகம் கசக்கத்தான் வேண்டும், ஆனால் நாக்கை அறுக்கக் கூடாது. பூவைக் காம்பு நீக்கி உதிர்த்தீர்களா? கடுங்கசப்பு காம்பிலிருந்து வரும். அதைவிட, கொதியெண்ணெயில் பூ கருகினால் வருகிற கசப்புத்தான் கூடுதல். மிதமான சூட்டில் பொரித்து, பொன்னிறத்துக்கு முன்னரே எடுத்துவிடுங்கள். வெளியே வந்தபின்னும் நிறம் ஏறும்.

உழுந்து 250 கிராமை நாலு மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துக் கெட்டியாக அரையுங்கள். உலர்ந்த பூ இரண்டு கோப்பை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 200 கிராம், இடித்த செத்தல் மிளகாய் 10, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு. வெங்காயம் தண்ணீர் விடும், ஆகவே கலந்த உடனே தட்டுங்கள். ஓர் அங்குல அகலத்துக்குமேல் வேண்டாம், நடுவைச் சற்று அழுத்திவிடுங்கள். உங்கள் வடகம் பழுதானது தடிப்பால்தான்: வெளி காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளீரம் சிறைப்பட்டுவிட்டது. முதல்நாள் மாலை புரட்டி, மூன்று நாலு நாள் காயவிடுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். மளுக்கென்று ஓசையோடு முறிந்தால் போத்தலில் போடலாம், வளைந்து முறிந்தால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். இரவில் முற்றத்தில் விடாதீர்கள், பனி பட்டால் பகல் காய்ச்சல் வீண்.

கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கடைசிக் காய்களை எப்படிப் பழுக்க வைப்பது?
*வாசகர், நல்லூர்*

இரண்டு அங்குலக் காம்போடு பறித்து, காம்பை ஒடித்ததும் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுங்கள். தோலில் பால் பட்ட இடம் கறுத்து அழுகும். வைக்கோலில் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். தோல் முழுக்க மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த இனத்தில் பச்சை நிறம் எஞ்சியிருக்கும்போதே பழுத்துவிடும். காம்படியில் மணம் வந்து, தோள்பகுதி விரலுக்கு இளகினால் அன்றைக்கே வெட்டுங்கள்.