பிரான்சில் உள்ள அத்தை வீட்டுக்கு ஆறு வாரம் போகலாமா?

கேள்வி: என் அப்பாவின் அக்காவுக்கு 82 வயது. மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் காலமான பின் அத்தை, பாரீசிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூரில், தோட்டத்தோடு கூடிய தம் வீட்டில் தனியாக வசிக்கிறார். மெருகிட்ட மரத்தரை, வெள்ளைப் பளிங்கு மேடை, கண்ணாடி அலமாரி நிறையப் பீங்கான் என்று வீடு அத்தனை அழகு. மே, ஜூன் மாதங்களில் ஆறு வாரம் வந்து தங்கும்படி என்னையும் மனைவியையும் எட்டு வயது மகனையும் அழைக்கிறார். விசாவுக்கு என்ன செய்ய வேண்டும், என்ன எடுத்துச் செல்லலாம், அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்வது, செலவுக்குப் பணம் கொடுத்தால் தவறாக நினைப்பாரா என்று சொல்ல வேண்டுகிறேன். — வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: நீங்கள் வீட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய பயணங்களுக்குக் காகிதம் தயார் செய்து கொடுத்து வருபவன் என்ற முறையில், நான் அத்தையின் உடல்பலத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவேன். நீங்கள் விமானச் சீட்டை எடுப்பதற்கு முன்பே அவர் அலைய வேண்டியிருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிரான்சில் ஒருவர் வீட்டில் விருந்தினராகத் தங்க விசா கேட்பவர், அந்த வீட்டுக்காரரிடமிருந்து 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றைப் பெற வேண்டும். அதை வழங்குவது அவர் வசிக்கும் ஊரின் மேரி, அதாவது நகராட்சி மன்றம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து, பின்னர் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டிருக்கும் மேரி கட்டடத்தின் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். வெறும் அழைப்புக் கடிதம் இதற்கு ஈடாகாது. அத்தை தம் அடையாள அட்டை, வீட்டுக்கான ஆவணம், ஓய்வூதிய ஆதாரம் ஆகியவற்றோடு மேரிக்கு நேரில் போய் மனுவைக் கொடுக்க வேண்டும். அதற்குரிய வரி முத்திரையையும் அவரே வாங்க வேண்டும். உங்களால் செலவைத் தாங்க முடியாமல் போனால் தாமே பொறுப்பேற்பதாக அவர் கையெழுத்திடுவார் என்பதையும், வீட்டில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்வையிட மேரிக்கு உரிமை உண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மூவருக்கும் ஒரே சான்று போதும் என்பதால் அவருக்கு ஒரு நடைதான்.

இதில் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய குடும்பங்களின் பெயர்கள் இன்றும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் பதிவாகின்றன. முருகன் என்ற பெயரை ஆங்கில வழியில் ஏழு எழுத்தில் எழுதுகிறோம். பிரெஞ்சு வழியில் அது பத்து எழுத்து. ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தம் தம்பியின் பெயரைப் பிரெஞ்சு வழியில் எழுதிப் பழகிய அத்தை, உங்கள் சான்றிலும் அப்படியே எழுதிவிடுவார். அது உங்கள் கடவுச்சீட்டோடு பொருந்தாது. வீட்டில் கூப்பிடும் பெயரையே எழுதிவிட்ட பெரியம்மாக்களையும் கண்டிருக்கிறேன். ஆகவே தொலைபேசியில் எழுத்து எழுத்தாகச் சொல்லாமல், மூவருடைய கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் பெரிய அளவில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்புங்கள். குடும்பப் பெயருக்கான கட்டம் உங்கள் கடவுச்சீட்டில் காலியாக இருந்தால், அதையும் சுட்டிக்காட்டி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சான்றின் அசல் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். விசா மனுவுக்குக் காட்டுவதோடு, பிரான்சில் இறங்கும்போது எல்லைக் காவலர் கேட்டாலும் அசலைத்தான் நீட்ட வேண்டும். கைப்பேசியில் உள்ள படம் அங்கே செல்லாது. மேரியில் நேரம் வாங்குவது, சான்று தயாராவது, கூரியரில் வந்து சேர்வது எல்லாம் சேர்ந்து இரண்டு மாதம் பிடிக்கலாம் என்று கணக்கிட்டு, மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே அத்தையிடம் பேச்சைத் தொடங்குங்கள். விசா மனுவைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைக்கு 45 யூரோ. மனு வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு, மருத்துவச் செலவையும் தாயகம் கொண்டுவரும் செலவையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்கட்டும்.

பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதிப்படி 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம் என்பதால் ஆறு வாரத்துக்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் மூன்று வாரம் போதும் என்பதே என் கருத்து. தனியாக வாழ்ந்து பழகிய 82 வயதுப் பெண்மணிக்கு ஒரு நாள் எப்படி நகரும் என்று எண்ணிப் பாருங்கள். எழுந்ததும் மாத்திரை, காப்பி, வீட்டு உதவியாளர் வரும் நேரம், மதியத் தூக்கம், எட்டு மணிச் செய்தி என்று எல்லாவற்றுக்கும் ஒரு மணிக்கணக்கு இருக்கும். மூன்று பேர் வந்தவுடன் மகிழ்ச்சியில் முதல் வாரம் அதை அவரே கலைத்துவிடுவார்; இரண்டாம் வாரத்தில் கால் வீங்கும்; மூன்றாம் வாரத்தில் 'ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி' என்பார். ஆறு வாரம் இருங்கள் என்று அவர் சொல்வது மனப்பூர்வமாகத்தான், ஆனால் உடம்பு அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. மூன்று வாரத்தின் நடுவே நான்கைந்து நாள் பாரீசில் விடுதி எடுத்துப் பையனுக்கு ஊர் காட்டுங்கள். வெளியில் தங்கும் நாள்களுக்கான முன்பதிவு உறுதிச் சீட்டை விசா மனுவோடு சேர்த்து வையுங்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். தாவர நலச் சான்று இல்லாமல் பழம், காய், இலை எதற்கும் அனுமதியில்லை. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழமும் கறிவேப்பிலையும் ஒரு கொத்தானாலும் வேண்டாம். கடலூர்க்காரர் என்பதால் கேட்காமலே சொல்கிறேன்: கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் வகைகள் 20 கிலோ வரை செல்லலாம். ஆனால் மூடிய பெட்டிக்குள் அது உங்கள் பட்டுப்புடவைக்குச் செய்யப்போவதை விதிமுறை தடுக்காது.

எதைக் கொண்டுபோனால் அத்தை மகிழ்வார் என்று கேட்டால், நான் தயங்காமல் வடவம் என்பேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் சேர்த்து, பகலில் வெயிலில் காயவைத்து இரவில் பிசைந்து விளக்கெண்ணெய் விட்டு உருட்டிய வடவம், நன்றாகக் காய்ந்திருந்தால் பல மாதம் கெடாது. 'வதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களும் அதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எனினும் கடையில் வாங்கும் பொடிக்கும், உங்கள் வீட்டு மாடியில் காய்ந்த உருண்டைக்கும் உள்ள வேறுபாட்டை அத்தையின் மூக்கு அறியும். இரண்டு உறை போட்டுக் கட்டி, மேலே என்ன பொருள் என்று எழுதி ஒட்டுங்கள். பித்தளை விளக்கு, பெரிய படம், சிலை போன்றவை வேண்டாம். நிறைந்த வீட்டில் இன்னொரு பொருளுக்கு இடம் தேடுவதும் அவருக்கு ஒரு வேலைதான்.

நீங்களும் மனைவியும் அன்றாடம் சாப்பிடும் மருந்தைப் பயணக்காலம் முழுமைக்கும், மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி அதிக நகை அணிந்து செல்வதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது கேள்வி எழாது. குறைவாக அணிவது அதைவிட எளிது.

அந்த வீட்டுக்குள் உங்களைத் திகைக்க வைக்கப்போவது பீங்கான் அலமாரியன்று, குளியலறை. பெரும்பாலான பிரெஞ்சுக் குளியலறைத் தரையில் நீர் வடியும் துளை கிடையாது. வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தால் தண்ணீர் மரத்தரைக்கு ஓடி, பலகை உப்பிவிடும். தொட்டிக்குள் நின்று, திரையைத் தொட்டியின் உட்பக்கம் விட்டுக் குளித்து, வெளியே வந்ததும் துணியால் துடைக்க வேண்டும். பையனுக்கு இதை ஊரிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

சமையலறையில் எதிரி மஞ்சள். வெள்ளைப் பளிங்கு நீரையும் நிறத்தையும் உறிஞ்சும். குழம்புக் கரண்டியை ஐந்து நிமிடம் மேடையில் வைத்தால் அந்த வட்டம் அத்தையின் காலத்துக்கும் அங்கே இருக்கும். கரண்டி வைக்க ஒரு தட்டும், காய் நறுக்க ஒரு பலகையும் முதல் நாளே தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காந்த அடுப்பாக (இண்டக்‌ஷன்) இருந்தால் அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. 2015 முதல் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், மிளகாய் தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்துவையுங்கள். சாம்பிராணிக்கும் இதுவே விதி.

கதவைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் லியோனில் என் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தபோது, இரவு ஒன்பது மணிக்குக் குப்பையைப் போட வேட்டியோடும் ரப்பர் செருப்போடும் வெளியே வந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. அங்கே பல வாசற்கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இல்லை. சாத்தினால் சாவியின்றித் திறக்காது. பெரியம்மா காது கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படுத்திருந்தார். அழைப்பு மணி அடித்து அடித்து, கடைசியில் எதிர்வீட்டு அம்மையாரின் தொலைபேசியிலிருந்து கூப்பிட, மணியோசைக்கு அல்ல, திரையின் வெளிச்சத்துக்கு அவர் கண்விழித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த இரவு நேரத்தில் பூட்டுத் திறப்பவரை அழைத்திருந்தால் அவர் கேட்கும் தொகையில் ஒரு விமானச் சீட்டின் பாதி போயிருக்கும். ஆகவே வந்திறங்கிய அன்றே மாற்றுச் சாவி ஒன்றைக் கேட்டு வாங்கி, அது சட்டைப்பையில் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஜூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். வெளிச்சம் இருக்கிறதே என்று பையன் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருப்பான். ஆனால் அத்தைக்கும் அண்டை வீட்டாருக்கும் இரவுதான். வெயில் கூடினால் பகலில் சன்னலின் வெளிக்கதவுகளைச் சாத்திவைத்து இரவில் திறப்பார்கள். நம் வழக்கப்படி காற்றுக்காகப் பகலில் அவற்றைத் திறந்துவிடாதீர்கள், ஏனென்றால் பல வீடுகளில் குளிர்சாதனம் இல்லை. 2003 ஆகஸ்ட் அனல்காற்றில் பிரான்சில் இறந்த ஏறத்தாழ 15,000 பேரில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். அத்தையின் கையருகே எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். மருத்துவ அவசர உதவிக்கு 15, பொது அவசரத்துக்கு 112 என்ற எண்களை உங்கள் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். அவருடைய மருந்துப் பட்டியலும் மருத்துவர் பெயரும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வதை அவர் தவறாக நினைக்க மாட்டார், பெரும்பாலும் நிம்மதியே அடைவார்.

பணம் கொடுக்கலாமா என்றால், கையில் கொடுக்காதீர்கள். அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளையிடம் பணம் வாங்க எந்த அத்தையும் ஒப்ப மாட்டார், வற்புறுத்தினால் வருந்துவார். அதற்குப் பதிலாக வாரச் சந்தைக்குப் போகும்போது கூடையை நீங்கள் தூக்கி, கல்லாவில் நீங்களே முந்திக்கொண்டு கொடுங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். அவரால் ஏணியில் ஏறிச் செய்ய முடியாமல் நின்றுபோன வேலை எந்த வீட்டிலும் நான்கைந்து இருக்கும்: எரியாத விளக்கு, பரண்மேல் பெட்டி, இறுகிப்போன தோட்டக் குழாய். எதுவென்று கேட்டுச் செய்யுங்கள், கேட்காமல் எதையும் இடம் மாற்றாதீர்கள். கண் மங்கியவர் கை தடவியே பொருளை எடுப்பார். கத்தி இருந்த இடத்தில் கரண்டி இருந்தால் அது உதவியாகாது. பீங்கான் அலமாரியைப் பையனுக்கு அத்தையே திறந்து காட்டட்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும். கேட்டபின் பையன் அதைத் தொட மாட்டான்.

திரும்பும் சீட்டை எடுக்கும்போது, வீட்டு உதவியாளர் எந்தக் கிழமைகளில் வருகிறார் என்று அத்தையிடம் கேட்டு, அவர் வரும் நாளிலேயே புறப்படும்படி தேதியை அமையுங்கள். முந்தின நாளே படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்து, சாவியை அத்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள். கோடையில் அவருடைய நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியிருக்கும் என்பதால், காலை ஐந்து மணிக்குச் சென்னையில் இறங்கியதும் தொலைபேசியை எடுக்காதீர்கள். கடலூர் போய்ச் சேர்ந்து, குளித்து, பதினொரு மணிக்கு மேல் அழையுங்கள்.