போர் தண்ணீரில் சுருங்கிப்போன ஜெல்

கேள்வி: மூலனூர் பக்கம் செம்மண் காட்டில் செடிமுருங்கை வைத்திருக்கிறேன். போர் தண்ணீர், சொட்டுநீர். எடையைப் போல 400 மடங்கு தண்ணீர் பிடிக்கும், பாய்ச்சல் பாதியாகக் குறையும் என்று ஒரு கடையில் ஹைட்ரோஜெல் குருணை கொடுத்தார்கள். டம்ளரில் போட்டுக் காட்டியபோது நன்றாகத்தான் ஊதியது. வீட்டில் போர் தண்ணீர் வாளியில் போட்டால் முதலில் ஊதுகிறது. விடிந்து பார்த்தால் வெள்ளையாக, கெட்டியாகச் சுருங்கிக் கிடக்கிறது. குழிக்கு 10 கிராம் போட்டும் செடி வாடுகிறது, அடி இலை ஓரம் கருகுகிறது. போலிச் சரக்கா? இன்னும் கூடுதலாகப் போடலாமா?

பதில்: தம்பி, கூடுதலாகப் போடாதீங்க. சரக்கு போலியாக இருக்க வேண்டியதில்லை. அசலும் உப்புத் தண்ணீரில் இப்படித்தான் நடந்துகொள்ளும். கடைக்காரர் டம்ளரில் ஊற்றியது அநேகமாக உப்பு நீக்கிய கேன் தண்ணீராக இருக்கும்.

அந்தக் குருணை, நீளமான பாலிமர் இழைகளை அங்கங்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்த வலை. முடிச்சு இல்லாவிட்டால் தண்ணீரில் கொழகொழவென்று கரைந்துவிடும். இழைகளில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சமன்செய்யும் சோடியமோ பொட்டாசியமோ வலையை விட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். இப்படி மின்னூட்டம் உள்ள துகள், அதாவது அயனி, உள்ளே அதிகம், வெளியே குறைவு என்பதால் சவ்வூடு அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே பாய்கிறது. வலை விரிய விரிய, இழுத்துப் பிடித்த பனியன் துணி மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கும். இந்த இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் ஊதல் நின்றுவிடும். ரப்பர் கரைப்பானில் ஊதுவதற்காக ஃப்ளோரி, ரேனர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1943இல் போட்ட கணக்குதான் இதற்கு அடிப்படை. மின்னூட்டத்தின் பங்கு பிற்பாடு சேர்ந்தது.

இப்போது வெளியே இருக்கும் தண்ணீரிலும் உப்பு இருந்தால்? உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, இழுப்பும் குறைகிறது. 400 மடங்கு என்பது காய்ச்சி வடித்த தண்ணீரில் எடுத்த எண். சோடிய உப்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, நல்ல மழைத்தண்ணீர் பட்டால் ஜெல் மறுபடி ஊதும். கால்சியம் அப்படியல்ல. ஒரு கால்சியம் உள்ளே போய் இரண்டு சோடியத்தை வெளியே தள்ளும், பக்கத்துப் பக்கத்து இழைகளைச் சேர்த்துப் புது முடிச்சும் போடும். முதலில் தண்ணீர் வேகமாக உள்ளே போகிறது, கால்சியம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்கிறது. ஊதினது விடிவதற்குள் சுருங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த முடிச்சு மழைக்கு லேசில் அவிழாது.

நீங்களே பார்த்துவிடலாம். ஒரு கிராம் குருணையை ஒரு லிட்டர் மழைத்தண்ணீரிலும், இன்னொரு கிராமைப் போர் தண்ணீரிலும் போட்டு ஒரு நாள் விடுங்கள். வேட்டித் துணியில் வடிகட்டி எடை போடுங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் பிறகு எந்தக் கடைக்காரரும் உங்களிடம் பேச முடியாது.

பாய்ச்சல் பாதியாகும் என்ற பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஹைட்ரோஜெல்லுக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ. ஏக்கருக்கு அதிகபட்சம் 2 கிலோ என்று வையுங்கள். 400 மடங்கே பிடித்தாலும் 800 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றாலே 4,000 லிட்டருக்கு மேல்! ஜெல் தண்ணீரை உண்டாக்காது; வந்த தண்ணீரை வேர் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அவ்வளவுதான். மண்ணுக்கடியில் மேல்மண் அழுத்துவதால் டம்ளரில் ஊதுகிற அளவுக்கு அங்கே ஊதவும் செய்யாது. இதையெல்லாம் சொன்னால் பாக்கெட் விற்குமா? அதிலும் விலை குறைவு என்று சோடியச் சரக்கைத் தள்ளிவிடுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் மண்ணுக்கு இன்னும் சோடியம் தேவையில்லை.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அடி இலை ஓரம் கருகுகிறது. வெறும் வறட்சி என்றால் செடி முழுக்க வாடும். அடி இலை ஓரம் முதலில் கருகினால் உப்பின் மேல்தான் என் சந்தேகம். ஈரம் இருந்தும் வேர் அதை இழுக்க முடியாமல் தவிக்கும். ஜெல்லுக்கு நடந்ததுதான் வேருக்கும் நடக்கிறது.

ஆயிரம் அடி போர் போடப் பல லட்சம் செலவழிக்கிறோம், அந்தத் தண்ணீரைச் சோதிக்க மட்டும் மனசு வருவதில்லை. இந்தச் சீமையில் நான் திரும்பத் திரும்பச் சண்டை போடுவது இதற்காகத்தான். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ உங்கள் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ கொடுங்கள். மின்கடத்துதிறன் (மொத்த உப்பு எவ்வளவு என்று காட்டுவது), கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் கேளுங்கள். கார அமில நிலை மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டு விடுவதை நிறுத்துங்கள். ஈரவட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும், கை வைத்தால் தெரியும். இடைவெளி விட்டு நீண்ட நேரம் விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். தூறல் விழும்போது சொட்டை நிறுத்திவிடாதீர்கள். சின்ன மழை அந்த ஓரத்து உப்பை வேர் பக்கமே தள்ளிவிடும், அந்த நேரத்தில் சொட்டு ஓடவேண்டும். குழிக்கு மக்கின தொழுவுரம், மேலே கைப்பிடி கனத்துக்குச் சோளத்தட்டு மூடாக்கு. பச்சைத் தென்னை நார்க்கழிவு வேண்டாம், அதிலும் உப்பு இருக்கிறது.

மிச்சப் பாக்கெட்டை ஈரம் படாமல் கட்டி வையுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து நாற்றுத் தட்டுக்குப் பயன்படுத்தினால் அது ஓரளவு வேலை செய்யும். பொட்டாஷ், கால்சியம் நைட்ரேட் கரைசலை அதன் மேல் ஊற்றாதீர்கள். யூரியாவுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது ஜெல்லை அவ்வளவாகச் சுருக்காது. தண்ணீர் அறிக்கை வந்ததும் எண்களோடு எழுதுங்க, உர அளவை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.