தாகம் இல்லை என்கிறார் அப்பா. நம்புங்கள், ஆனாலும் தண்ணீர் கொடுங்கள்

கேள்வி: என் தந்தைக்கு 78 வயது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பருவம் மாறும்போதெல்லாம் ஒரு வாரமாவது படுத்துவிடுகிறார். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்கச் சொன்னால் தாகமே இல்லை என்கிறார். குளிரில் போர்வையை எடுத்துக் கொடுத்தால் எனக்கொன்றும் குளிரவில்லை என்று தள்ளிவிடுகிறார். அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் 'வீம்பு' என்ற சொல் மட்டும்தான் இல்லை. ஆனால் உங்கள் தந்தை வீம்பு பிடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தாகம் எடுக்கவில்லை, குளிரும் உறைக்கவில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. சிறுநீரைச் செறிவாக்கி நீரை மிச்சம் பிடிக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. வியர்வை தாமதமாக, கொஞ்சமாகச் சுரக்கிறது. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் முன்போல் சட்டென்று சுருங்குவதில்லை, நடுக்கமும் சரியாக வருவதில்லை. உடலின் எச்சரிக்கை மணிகள் மெல்லத்தான் ஒலிக்கின்றன. எனவே "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், நீங்களே பார்த்தும் அளந்தும் தெரிந்துகொள்ள வேண்டும். 2003 கோடையில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

தண்ணீரில் தொடங்குவோம். அவர் ஏன் குடிப்பதில்லை என்று ஒருமுறை பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். இரவில் நாலைந்து முறை எழுந்து கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது, போவதற்குள் துணி நனைந்துவிடுகிறது என்ற கூச்சத்தால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் மிகப் பலர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லமாட்டார்கள். அப்படியென்றால் குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியை மாலைக்குள் முடித்துவிடும்படி மாற்றுங்கள், சிறுநீர்ப் பிரச்சினைக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை, சாப்பாடு, குளியல் என்று அன்றாடம் தவறாத வேலை ஒவ்வொன்றோடும் ஒரு டம்ளரைச் சேர்த்துவிட்டால் தாகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்தால் மட்டும், எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது மாத்திரைப் பெட்டி. பருவ மாற்றத்தில் பலரும் திரும்பிப் பார்க்காத இடம் இதுதான், என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். ரத்த அழுத்தம் பொதுவாகக் குளிர்காலத்தில் ஏறும், வெயில் காலத்தில் இறங்கும். குளிரில் எழுதிக் கொடுத்த அளவு வெயிலில் அதிகமாகிவிடலாம். அதோடு சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் இருந்தால் காலையில் கட்டிலை விட்டு எழும்போது கண் இருட்டும். அந்த நேரத்தில் விழுந்துவிடவும் கூடும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஐந்து நிமிடம் படுத்திருக்கச் செய்து அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு நாற்காலியையோ சுவரையோ பிடித்தபடி நிற்கவைத்து, முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளவிடுங்கள். தலை சுற்றினால் உடனே உட்காரவைத்துவிடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், நீர் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றைத் தொடர்வதா, தற்காலிகமாக நிறுத்துவதா என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிய உடலில் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். சளி, மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் இன்னொரு தொல்லை. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகளில் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்துகள் முதியவர்களுக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால் இவற்றால் சிறுநீரே அடைத்துக்கொள்ளவும் கூடும்.

வெயில் உச்சத்தில் மின்விசிறியை மட்டும் நம்ப வேண்டாம். காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உடலுக்குச் சூட்டையே சேர்க்கும். ஈரத் துணியால் கை, கழுத்து, முகம் துடைத்துவிடுவது பலன் தரும். குளிரிலோ அறை குறைந்தது 18 டிகிரியாவது இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே கனத்த போர்வைக்குப் பதில் மெல்லிய துணிகளை அடுக்காகப் போர்த்துங்கள், கூடுதலாகக் கதகதப்பு கிடைக்கும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர்ப் பையைக் காலில் வைக்கவே கூடாது, தோல் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது. மூடிய அறையில் கரி மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழாமலே போய்விடலாம்.

ஈரத் தரை, வழுக்கும் செருப்பு, கழிவறைக்குப் போகும் வழியில் இருட்டு ஆகியவற்றை இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது, அது பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால் காய்ச்சல் பரவத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நிமோனியா தடுப்பூசி பற்றியும் அப்போதே கேளுங்கள்.

காய்ச்சல் இல்லை என்பதால் கிருமித் தொற்று இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். முதியவர்களுக்கு நிமோனியாவிலும் சிறுநீர்த் தொற்றிலும் உடல் பெரிதாகச் சுடாமலே இருக்கலாம். அவர் நன்றாக இருக்கும் நாட்களில் சில முறை தெர்மாமீட்டர் வைத்து வழக்கமான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலோ, அளவு 100ஐத் தொட்டாலோ டாக்டரைப் பாருங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நாளையும் இடத்தையும் குழப்பினால், சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டே இருந்தால், "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

வெயிலில் உடல் கொதித்து நினைவு தடுமாறினால், அல்லது குளிரில் உடல் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். வெயில் தாக்கியவரை ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளிரால் விறைத்தவரைத் தேய்த்துவிடாமல், ஈர உடையை மாற்றிப் போர்த்திவிடுங்கள். புறப்படும்போது அவருடைய மாத்திரைகளை அட்டையோடு அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.