பழைய லேத்தில் மெட்ரிக் மரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூடப்பட்ட நூற்பாலை ஒன்றின் பட்டறையிலிருந்து, பிரிட்டனில் செய்யப்பட்ட பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை. 20 முதல் 100 வரை ஐந்தைந்தாக ஏறும் பற்சக்கரங்கள் உடன் வந்தன. மெட்ரிக் மரை வெட்ட 127 பல் சக்கரம் கட்டாயம் என்கிறார்கள். கைவசமுள்ள 40 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 76.2 மி.மீ. இருப்பதைப் பார்த்து, 1.75 மாட்யூலில் (மெட்ரிக் கணக்கில் பல்லின் அளவு) வெட்டித் தருவதாகச் சக்கரம் வெட்டுபவர் சொல்கிறார். சரியா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் மாட்யூல் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் அதுதான். பல் எண்ணிக்கையுடன் 2-ஐக் கூட்டி, வெளிவிட்டத்தை அதனால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 76.2-ஐ 42-ஆல் வகுத்தால் 1.81 வருகிறது; இது வழக்கிலுள்ள எந்த மாட்யூலும் அல்ல. அதே விட்டத்தை அங்குலத்தில் சொன்னால் மிகச் சரியாக 3. அந்த 42-ஐ 3-ஆல் வகுத்தால் 14. ஆக, உங்கள் சக்கரங்கள் 14 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்: விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற அளவு), அதாவது அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. 1.75 மாட்யூல் சக்கரம் இவற்றோடு ஒழுங்காகக் கடிக்காது. இரைச்சலிட்டு இரண்டு பக்கப் பற்களையும் தின்றுவிடும். 14 டி.பி. கட்டரைக் கேளுங்கள். அந்தக் காலத்துச் சக்கரங்களில் அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சரிவு) பெரும்பாலும் பதினான்கரை டிகிரி, இக்காலக் கட்டர்களில் பெரும்பாலும் 20 டிகிரி என்பதால், பழைய சக்கரம் ஒன்றை மாதிரியாகக் கையோடு கொண்டுபோவது நல்லது.

இனி 127. ஓர் அங்குலம் என்பது துல்லியமாக 25.4 மி.மீ. என்று 1959-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் உள்ளிட்ட நாடுகள் உடன்பட்டன. 25.4 என்பது 127-ஐ 5-ஆல் வகுத்த எண். 127 பகா எண் என்பதால் அதைச் சிறு சக்கரங்களாகப் பிரிக்க வழியில்லை. அங்குல லீட் ஸ்க்ரூவிலிருந்து பிசகே இல்லாத மெட்ரிக் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) வேண்டுமானால், தொடரில் எங்காவது 127 பல் அல்லது அதன் மடங்கு இருந்தே ஆகவேண்டும். உங்களுக்குச் சொன்னவர்கள் கணக்கில் தவறவில்லை. ஆனால் 14 டி.பி.யில் 127 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 234 மி.மீ. ஆகும். சிறிய லேத்தின் குவாட்ரன்ட்டில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில்) அதை மாட்டிவிட்டு மூடியை மூட முடியுமா என்று அளந்து பாருங்கள், பலருக்கு முடிவதில்லை.

என் பரிந்துரை 63 பல் சக்கரம். 25.4-க்குப் பதிலாக 1600-ஐ 63-ஆல் வகுத்த எண்ணைக் கொள்ளலாம்: அது 25.3968, 25.4-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. எம் 12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டின் மரை நட்டுக்குள் சுமார் 10 மி.மீ. நீளம் உட்காருகிறது என்று கொண்டால், அந்த நீளத்தில் சேரும் பிசகு 0.00125 மி.மீ. மட்டுமே. ஆலைப் பட்டறையில் பல ஆண்டு உழைத்த லீட் ஸ்க்ரூ, சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) அருகே தேய்ந்திருப்பதால் வரும் பிசகு இதைவிடப் பல மடங்கு இருக்கும். தேய்ந்த ஸ்க்ரூவையும் அதைக் கவ்வும் தளர்ந்த ஹாஃப் நட்டையும் அப்படியே விட்டுவிட்டு 127 பல்லுக்குச் செலவழிப்பது வீண் என்பதே என் கருத்து. ஒரு மீட்டர் நீளத்துக்கு மெட்ரிக் லீட் ஸ்க்ரூவே வெட்டப் போகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அங்கே பிசகு 0.125 மி.மீ. ஆகிவிடும், 127 தேவைப்படும்.

63 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 118 மி.மீ. அளவில் அடங்கும். சுழல்தண்டின் பக்கம் 63-ஐ மாட்டி 80-ஐச் சுழற்றச் செய்யுங்கள். அந்த 80-உடன் ஒரே புஷ்ஷில் சாவியிட்டுப் பூட்டிய இரண்டாவது சக்கரம், லீட் ஸ்க்ரூவிலுள்ள 100-ஐச் சுழற்ற வேண்டும். அந்த இரண்டாவது சக்கரத்தின் பற்கள் பிட்ச்சின் இருபது மடங்கு: 1 மி.மீ. பிட்ச்சுக்கு 20, எம் 8-க்கான 1.25-க்கு 25, எம் 10-க்கான 1.5-க்கு 30, எம் 12-க்கான 1.75-க்கு 35, 2-க்கு 40. எல்லாம் உங்களிடம் இருப்பவைதான். புதிதாக வெட்டவேண்டியது ஒரே ஒரு சக்கரம். டிவைடிங் ஹெட்டில் (வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் கருவியில்) 42 பல்லைச் சாதாரணமாகவே வெட்டிவிடலாம் என்று சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். அது 1, 1.5, 2 ஆகியவற்றுக்குச் சரிப்படும், 1.25-க்கும் 1.75-க்கும் உங்கள் சக்கரங்களோடு சேராது. எம் 8-உம் எம் 12-உம் வெட்ட முடியாத ஏற்பாடு எதற்கு?

சக்கரம் வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. சமமான பற்களுள்ள சக்கரங்களை மாட்டி, சுழல்தண்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றினால், டூலைத் தாங்கும் கேரேஜ் 63.5 மி.மீ. நகர வேண்டும். நகராவிட்டால் தலைப்பகுதிக்குள் வேறொரு விகிதம் மறைந்திருக்கிறது என்று பொருள். அதற்கேற்ப மேற்சொன்ன கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய லேத்தின் பெட்டில் (கேரேஜ் ஓடும் அடித்தளத்தில்) துரு பிடித்திருக்கிறது. எமரி தாளால் தேய்க்கலாமா? சீரமைப்பை எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திருச்சி)

பதில்: எமரி வேண்டாம். அதன் துகள்கள் கேரேஜின் அடியில் போய்த் தங்கி, துருவைவிட அதிகக் கேடு செய்யும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் எடுத்து, துடைத்து எண்ணெய் பூசுங்கள். குழி விழுந்த கறை இருந்தால் இருக்கட்டும். லேத்தின் துல்லியம் அதனால் குறையாது.

பெயின்ட் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். (விற்பவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.) தேய்மானத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு: சக்கின் அருகே கேரேஜ் ஆட்டமில்லாமல் ஓடும்படி இறுக்கிவிட்டு, எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். அங்கே இறுகி நின்றால், சக்கின் அருகே பெட் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. பிறகு நுண்மட்டத்தை (துல்லியமான ஸ்பிரிட் லெவல்) பெட்டின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்து, முறுக்கு இல்லாதபடி கால்களைச் சரிசெய்யுங்கள். கனமான ஒரு தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களாக லேசாகக் கடைந்து விட்டத்தை ஒப்பிட்டால், முறுக்கு போய்விட்டதா என்பது தெரிந்துவிடும். பெட்டைச் சீவுவதா, கிரைண்டிங்குக்குக் கொடுப்பதா என்ற முடிவை அதற்குப் பின் எடுக்கலாம்.

கேள்வி: அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது, இரண்டாவது வெட்டு வேறு இடத்தில் விழுந்து மரை கெட்டுவிடுகிறது. டயலைப் பார்த்துத்தான் ஹாஃப் நட்டைப் போடுகிறேன். (வாசகர், ஓசூர்)

பதில்: அந்த டயல் அங்குல மரைக்காகச் செய்யப்பட்டது, மெட்ரிக் மரைக்கு அதன் கோடுகள் பொருந்தா. முதல் வெட்டு தொடங்கியதிலிருந்து மரை முடியும் வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. வெட்டின் முடிவில் டூலை வெளியே இழுத்து, மோட்டாரை நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மரை முடியும் இடத்தில் முன்பே ஒரு பள்ளம் வெட்டிவைத்தால் பதற்றமில்லாமல் நிறுத்தலாம்.

பழைய டூல்களின் முனையையும் பாருங்கள். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல) மரைக்கு 55 டிகிரி தீட்டியிருப்பார்கள். மெட்ரிக்குக்கு 60 டிகிரி வேண்டும். வெளிமரையின் ஆழம் பிட்ச்சின் 0.613 பங்கு, 1.5 பிட்ச்சுக்கு 0.92 மி.மீ., டூலை உள்ளே செலுத்தும் உங்கள் கிராஸ் ஸ்லைடு அங்குல டயலாக இருந்தால் 0.036 அங்குலம். சக், சுழல்தண்டில் மரையிட்டு மாட்டும் வகையாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பின்னோக்கித் திருப்பாதீர்கள். சக் கழன்று பெட்டின் மேல் விழும். மிகக் குறைந்த வேகத்தில், முழுதாக நின்ற பிறகே திருப்புங்கள். குட்டையான மரை என்றால், சுழல்தண்டின் பின்முனையில் ஒரு கைப்பிடி பொருத்திக் கையாலேயே சுற்றி வெட்டிவிடலாம்.