படமும் பாட்டும் சாட்சி சொல்லுமா?

கேள்வி: யூதர்களை நாஜிகள் கொன்றழித்ததைப் பற்றி வகுப்பில் பேசும்போது, “படமும் பாட்டும் எப்படிச் சாட்சியாகும், டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. என்ன சொல்லலாம்?
– சித்திர ஆசிரியை, முள்ளியவளை

பதில்: இன்றைய செக் நாட்டில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமில், ஃபிரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் சிறுவர்களுக்கு இரகசியமாகச் சித்திரம் கற்பித்தார். கிடைத்த கழிவுத்தாள்களில் அவர்கள் பூக்களையும் வீடுகளையும் வரைந்தார்கள். அடுக்குக் கட்டில்களையும் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் பெயரை எழுதச் சொன்னதுதான் அந்த ஆசிரியையின் பெருஞ்செயல் என்பேன், ஏனெனில் முகாம் அவர்களை இலக்கங்களாக மாற்றியிருந்தது. இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு நடந்த எங்களுக்கு, பெயரின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. 1944 ஒக்டோபரில் அந்த ஆசிரியை நாஜிகளின் கொலைமுகாமான அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரண்டு பயணப்பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் போருக்குப் பின் பிராக் நகரை அடைந்தன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் திரும்பவில்லை.

இசையைப் பற்றிச் சற்று எச்சரிக்கையாகவே பேச வேண்டும். அதே முகாமில் அடைபட்டிருந்த இசையமைப்பாளர் விக்டர் உல்மன், பேரரசனுக்காக வேலை செய்ய மறுத்து மரணமே வேலைநிறுத்தம் செய்வதாக ஓர் இசைநாடகம் அமைத்தார். ஒத்திகை நடந்தும் அங்கே அரங்கேறாத அது 1975இல்தான் ஆம்ஸ்டர்டாமில் மேடை கண்டது. ஆனால் 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வந்தபோது, எல்லாம் நலமே என்று காட்டுவதற்காகச் சிறுவர்களின் இசைநாடகமொன்றையும் நாஜிகள் மேடையேற்றினார்கள். ஆகவே, யார், யாருக்காக, எந்த நிலையில் பாடினார்கள் என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.