திருட்டுப் பொருள் கையில் இருந்தாலே திருடனா? வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: ஆறாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினேன் சார். அது திருட்டுப் போனாம். பில் இல்லை. நான் மாட்டிக்கொள்வேனா?

போன வாரம் திருடுபோன பொருள் இன்று ஒருவர் கையில் இருக்கிறது, எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் அவரே திருடினார், அல்லது தெரிந்தே வாங்கினார் என்று கோர்ட் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 114-வது பிரிவின் முதல் எடுத்துக்காட்டு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 119. 'அனுமானிக்கலாம்' என்பதை கவனியுங்கள், கட்டாயம் இல்லை. விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப், ஜிபேயில் பணம் போட்ட பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் விளக்கம் நம்பும்படி இருந்தால் போதும். குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. போனை மட்டும் மறந்துவிடுங்கள், அது பறிகொடுத்தவருக்குத்தான்.

கேள்வி: எத்தனை நாள் கழித்துப் பிடிபட்டால் இந்த அனுமானம் செல்லாது?

நாள் கணக்கே கிடையாது. கைமாறும் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். ரூபாய் நோட்டு ஒரே நாளில் பத்து கை மாறும், பட்டுப்புடவை மாறாது. கர்நாடகத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் (ஏரபத்ரப்பா, 1983) நகைகளும் பட்டுப்புடவைகளும் ஒரு வருடம் கழித்துதான் கிடைத்தன. குற்றம் சாட்டப்பட்ட வேலைக்காரர் அதுவரை தலைமறைவு. ஒரு வருடம் அதிகமில்லை என்றது உச்ச நீதிமன்றம். தங்கள் பொருளை அடையாளம் காண்பதில் பெண்களுக்குத் தனித் திறமை உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எங்கள் அம்மாவைப் பார்த்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை!

கேள்வி: குளத்தங்கரை முட்புதரில் என் தம்பி சங்கிலியை எடுத்துக் கொடுத்தான் என்று போலீஸ் மகஜரில் (பறிமுதல் விவரம் எழுதும் பதிவு) எழுதியிருக்கிறார்கள், அண்ணா. வி.ஏ.ஓ. சாட்சி.

தம்பிக்கு இங்கே நல்ல வாதம் இருக்கிறது. போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது; அதில் பொருள் கிடைக்கக் காரணமான பகுதி மட்டும் செல்லும். அதுவும் இடம் அவனுக்குத் தெரியும் என்பதைத்தான் காட்டும். எல்லாரும் வந்துபோகும் இடத்தில் வேறொருவர் வைத்ததை அவன் அறிந்திருக்கலாமே? திறந்த வயலில் நகை எடுத்த திரிம்பக் வழக்கில் 1954-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வி.ஏ.ஓ. நேரில் பார்த்தாரா, ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்கச் சொல்லுங்கள். இப்போது பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவையும் கேளுங்கள்.

கேள்வி: அடகுக் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் ஆபத்தா?

திருட்டு நகை என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை. ஆதார் நகல் வாங்காமல், முகம் தெரியாத பையனிடம் பாதி விலைக்கு நகை எடுத்தால் 'தெரியாது' என்பது எடுபடாது.

கேள்வி: என் தாலிச் செயின் கிடைத்துவிட்டது. கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா. இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடுங்கள். போட்டோ எடுத்து, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கிய பிறகு விற்கவோ உருக்கவோ செய்யாதீர்கள், கோர்ட் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.