அத்தைக்கும் சித்திக்கும் ஒரே சொல்தானா?
வாசகர் கேள்விகள்: ஜெர்மன் மொழி

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குடும்பத்தையும் வீட்டையும் பற்றி ஜெர்மனில் பேசுவது எப்படி என்று கேட்டிருப்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மன் சொற்களைக் கூடியவரை காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தாயைக் குறிக்கும் 'முட்டர்', தந்தையைக் குறிக்கும் 'ஃபாட்டர்' போன்ற சொற்களின் இறுதி 'ர்' அழுத்தமாக ஒலிக்காது. அது ஏறத்தாழ ஒரு குறுகிய 'அ' போலத் தேய்ந்துவிடும். 'நான்' என்னும் பொருளுடைய சொல்லை 'இஷ்' என்று எழுதியிருந்தாலும், அதன் ஒலி தமிழ் எழுத்தில் அடங்குவதில்லை. 'ஈ' என்று சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு, குரலை நிறுத்திக் காற்றை மட்டும் வெளியே விட்டால் அந்த ஒலி வந்துவிடும்.

கேள்வி: அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல், அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோருக்கும் ஒரே சொல் என்று புத்தகத்தில் இருக்கிறது. உறவை வேறுபடுத்திச் சொல்ல ஜெர்மனில் வழியே இல்லையா?

பதில்: புத்தகத்தில் இருப்பது சரிதான். உடன்பிறந்த ஆண் 'ப்ரூடர்', பெண் 'ஷ்வெஸ்டர்'. பெற்றோரின் தலைமுறையைச் சேர்ந்த ஆண் உறவினர் அனைவரும் 'ஒங்கெல்', பெண்கள் அனைவரும் 'டான்டெ'. ஆனால் அந்த மொழி எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது பலருக்குத் தெரியாது. பழைய ஜெர்மனில் தாயின் சகோதரன் 'ஓஹைம்', தந்தையின் சகோதரன் 'ஃபெட்டர்', தாயின் சகோதரி 'மூமெ', தந்தையின் சகோதரி 'பாஸெ' என்று நான்கு தனிச்சொற்கள் இருந்தன. தாய்மாமனையும் சித்தப்பாவையும், சித்தியையும் அத்தையையும் நம்மைப் போலவே அவர்களும் பிரித்துத்தான் அழைத்திருக்கிறார்கள். பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த 'ஒங்கெல்', 'டான்டெ' ஆகிய இரண்டும் அந்த நான்கின் இடத்தையும் பிடித்துக்கொண்டன. 'ஃபெட்டர்' இன்றும் வழக்கில் இருக்கிறது, ஆனால் பெற்றோரின் உடன்பிறந்தாருடைய மகன் என்னும் பொருளில்.

ஒரே சொல்லில் அடக்க முடியாததை இன்றைய ஜெர்மானியர் தொடராக விரித்துச் சொல்கிறார்கள். அத்தை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'டீ ஷ்வெஸ்டர் மைனெஸ் ஃபாட்டர்ஸ்', அதாவது 'என் தந்தையின் சகோதரி'. பேச்சில் இதையே 'டீ ஷ்வெஸ்டர் ஃபொன் மைனெம் ஃபாட்டர்' என்பார்கள். தாய்மாமன் 'டேர் ப்ரூடர் மைனெர் முட்டர்'. நாம் 'என் தந்தையின்' என்று உடையவரை முன்னால் வைத்து உறவைப் பின்னால் சொல்கிறோம். அவர்கள் உறவை முதலில் சொல்லிவிட்டு உடையவரைப் பின்னால் வைக்கிறார்கள். இந்த ஒரு திருப்பம் பழகிவிட்டால், தமிழில் உள்ள எந்த உறவையும் உங்களால் ஜெர்மனில் சொல்லிவிட முடியும்.

அண்ணன், தம்பி வேறுபாட்டுக்கு அன்றாடப் பேச்சில் எளிய வழி உண்டு. 'மைன் க்ரோஸெர் ப்ரூடர்' என்றால் அண்ணன், 'மைனெ க்லைனெ ஷ்வெஸ்டர்' என்றால் தங்கை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பெரிய சகோதரன்', 'சிறிய சகோதரி' என்றுதான் பொருள். ஆனால் நம்முடைய பெரியப்பாவிலும் சின்னம்மாவிலும் உயரத்தைப் பற்றிய பேச்சு இல்லாதது போலவே இங்கும் இல்லை. தங்கை உங்களைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்துவிட்டாலும் அவர் 'க்லைனெ ஷ்வெஸ்டர்'தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சித்தப்பா மகனையும் பெரியம்மா மகளையும் நாம் அண்ணன், அக்கா என்றே அழைத்து வளர்ந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் அரசு அலுவலகப் படிவங்களில் அவர்களை 'ப்ரூடர்', 'ஷ்வெஸ்டர்' என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அச்சொற்களை உடன்பிறந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். பின்னால் கொடுக்கும் சான்றிதழில் பெற்றோர் பெயர் வேறாக இருந்தால் வீணான சிக்கல் வரும். ஆணுக்கு 'குஸேன்', பெண்ணுக்கு 'குஸீனெ' என்று எழுதுவதே சரி.

கேள்வி: கணவருடன் சேர்ந்து வாழ ஜெர்மனி செல்வதற்காக ஏ1 தேர்வுக்குத் தயாராகிறேன். உறவுச் சொற்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் யாராவது கேட்டால் ஒரு வாக்கியம்கூட வாயில் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: 2007 ஆகஸ்டில் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வாழ்க்கைத்துணையாகச் செல்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அடிப்படை நிலைத் தேர்வு அவசியமாகிவிட்டது. உங்களுடைய கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. என் வகுப்புக்கு ஒரு மாணவி உறவுச் சொற்களை இரண்டு பத்திகளாக அழகாக எழுதிய தாளுடன் வந்தார். எதைக் கேட்டாலும் தமிழுக்கு ஜெர்மன், ஜெர்மனுக்குத் தமிழ் என்று உடனே சொன்னார். 'உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?' என்று ஜெர்மனில் கேட்டதும் திகைத்து நின்றுவிட்டார். மறுநாள் அந்தத் தாளை வைத்துவிட்டு வீட்டுப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். படத்தில் ஒவ்வொருவர் மேலும் விரலை வைத்து, 'டாஸ் இஸ்ட் மைனெ முட்டர்', 'டாஸ் இஸ்ட் மைன் ஃபாட்டர்', பெற்றோரைச் சேர்த்துக் காட்டி 'டாஸ் ஸிண்ட் மைனெ எல்டெர்ன்' என்று சொல்லிக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் தயக்கம் போய்விட்டது.

இந்தப் பயிற்சியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பாலை நினைவில் வைப்பது கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உறவுச் சொற்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆணுக்கு 'மைன்', பெண்ணுக்கும் பன்மைக்கும் 'மைனெ'. விலக்கு என்று சொல்லத்தக்கவை குழந்தையைக் குறிக்கும் 'கிண்ட்', சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' போன்ற சில சொற்களே. சிறுமி பெண்தானே, ஏன் அஃறிணை போல நடத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. '-ஷென்' என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. அது சேர்ந்த எந்தச் சொல்லும் மூன்றாம் பாலுக்குப் போய்விடும் என்பதே காரணம்.

தேர்வின் பேச்சுப் பகுதியில், தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகு, ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் எழுதிய அட்டை உங்கள் கைக்கு வரும். அந்தச் சொல்லை வைத்து உடன் எழுதுபவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் கேட்பதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். உடன்பிறந்தோரைக் குறிக்கும் 'கெஷ்விஸ்டர்' என்ற சொல் வந்தால், 'ஹாபென் ஸீ கெஷ்விஸ்டர்?' என்று கேட்கலாம். அதற்குப் பதில் 'யா, இஷ் ஹாபெ ஐனென் ப்ரூடர் உண்ட் ஐனெ ஷ்வெஸ்டர்' அல்லது 'நைன், இஷ் ஹாபெ கைனெ கெஷ்விஸ்டர்'. 'ஒரு' என்னும் பொருளுடைய 'ஐன்' இங்கே 'ஐனென்' ஆனதைக் கவனியுங்கள். 'ஹாபென்' என்னும் வினைக்குப் பின்னால் ஆண்பால் ஒருமைச் சொல்லுக்கு மட்டும் இந்த மாற்றம் வரும்.

தமிழர்கள் தடுமாறும் இடமும் இதுதான். நாம் 'எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்' என்கிறோம்; மனத்துக்குள் 'எனக்கு' ஓடுவதால் அதற்குரிய 'மியர்' என்ற சொல் நாக்கில் வந்து நிற்கிறது. உறவைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டு 'இஷ் ஹாபெ' என்றே தொடங்குங்கள். ஆனால் நலம் விசாரிக்கும்போது நம்முடைய நான்காம் வேற்றுமை அப்படியே கைகொடுக்கிறது. 'அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?' என்று நாம் கேட்பது போலவே அவர்களும் 'வீ கேட் எஸ் ஈரெர் முட்டர்?' என்கிறார்கள். 'மைனெர் முட்டர் கேட் எஸ் கூட்' என்பது 'என் அம்மாவுக்கு நன்றாக இருக்கிறது' என்பதற்கு நேர். தாயின் முன்னால் இருந்த 'மைனெ', 'அம்மாவுக்கு' என்ற பொருள் வந்ததும் 'மைனெர்' ஆகிறது. தந்தையானால் 'மைனெம் ஃபாட்டர்'.

கேள்வி: என் தந்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். வகுப்பில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவரைப் பற்றிய பேச்சையே தவிர்த்துவிடுகிறேன்.

பதில்: தவிர்க்க வேண்டாம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் எல்லோரும் உயிரோடும் நலமாகவும் இருக்கும் குடும்பத்தையே காட்டுகின்றன. அது ஒரு குறை. 'மைன் ஃபாட்டர் லேப்ட் நிஷ்ட் மேர்' என்று சொல்லுங்கள். 'என் தந்தை இப்போது இல்லை' என்று நாம் அடக்கமாகச் சொல்வதற்கு இது மிக நெருக்கமானது. காலத்தையும் சேர்க்க விரும்பினால், 'மைன் ஃபாட்டர் இஸ்ட் ஃபோர் ட்ரை யாரென் கெஷ்டோர்பென்'. 'மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தார்' என்பது பொருள். கேட்பவர் 'டாஸ் டூட் மியர் லைட்' என்று வருத்தம் தெரிவிப்பார். 'டாங்கெ' என்று மட்டும் சொன்னால் போதும். அவருடைய தொழிலையோ அவர் உங்களுக்குக் கற்றுத்தந்ததையோ சொல்ல ஆசைப்பட்டால், இறந்தகாலத்தைக் காட்டும் 'வார்' என்ற சிறு சொல் இருக்கிறது. 'மைன் ஃபாட்டர் வார் லேரர்', அதாவது 'என் தந்தை ஆசிரியராக இருந்தார்'.

கேள்வி: ஜெர்மனியில் மேல்படிப்புக்காகச் சென்று, மூன்று மாணவர்களுடன் ஒரே வீட்டில் தங்கப்போகிறேன். வீட்டு வேலைகளைப் பற்றிப் பேச எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இப்படிச் சேர்ந்து தங்கும் வீட்டை அங்கே 'வேகே' என்பார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் பெரும்பாலும் ஒரு 'புட்ஸ்ப்ளான்' ஒட்டியிருக்கும். எந்த வாரம் யார் சமையலறையைத் துடைப்பது, யார் குளியலறையைக் கழுவுவது என்ற முறைப்பட்டியல் அது. ஆகவே வேலைகளின் பெயர்களிலிருந்தே தொடங்குங்கள். சமையலறையை ஒழுங்குபடுத்துவது 'அவுஃப்ரொய்மென்', குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடுவது 'ரவுஸ்ப்ரிங்கென்', துவைத்த துணியை உலர்த்தப் போடுவது 'அவுஃப்ஹெங்கென்'. இவை இரண்டாகப் பிளக்கும் வினைகள். 'இஷ் ப்ரிங்கெ டேன் ம்யுல் ரவுஸ்' என்று சொல்லும்போது 'ப்ரிங்கெ' முன்னால் வந்துவிட, 'ரவுஸ்' தனியே கழன்று கடைசியில் போய் நிற்கிறது. தொடக்கத்தில் இந்த வாலை மறந்துவிடாதவர்களை நான் பார்த்ததில்லை.

அதற்கு நான் சொல்லும் வழி, முதல் சில வாரங்களுக்கு 'முஸ்', 'கன்' ஆகிய துணைவினைகளைத் தாராளமாகப் பயன்படுத்துவது. 'இஷ் முஸ் டேன் ம்யுல் ரவுஸ்ப்ரிங்கென்' என்றால் 'நான் குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும்'. வினை பிளக்காமல் முழுதாக வாக்கியத்தின் இறுதியில் வந்து அமர்கிறது, தமிழில் அமர்வது போலவே. உதவி கேட்பதற்கும் இதே அமைப்புப் பொருந்தும்: 'கன்ஸ்ட் டூ பிட்டெ டீ க்யுஷெ அவுஃப்ரொய்மென்?', 'தயவுசெய்து நீ சமையலறையை ஒழுங்குபடுத்த முடியுமா?' உதவி செய்ய முன்வருவதானால் 'ஸொல் இஷ் டியர் ஹெல்ஃபென்?', 'உனக்கு உதவட்டுமா?' 'டியர்' என்றால் 'உனக்கு'. உதவுவதற்கு அவர்களும் நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டுப் பொருள்களின் பெயர்கள் நீளமாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை இரண்டு சொற்களின் சேர்க்கை. 'ஷ்டவுப்' என்றால் தூசி, 'ஸவுகர்' என்றால் உறிஞ்சி. சேர்த்தால் தூசி உறிஞ்சும் கருவி. 'க்யூல்ஷ்ராங்க்' குளிர் அலமாரி. கூட்டுச்சொல்லின் பாலை எப்போதும் கடைசிச் சொல்லே தீர்மானிக்கும் என்பதால், 'ஷ்ராங்க்' ஆண்பால் என்று தெரிந்தால் 'க்யூல்ஷ்ராங்க்'கும் ஆண்பால்தான்.

'ஹவுஸ்' என்பது தனிவீடு. அடுக்குமாடியில் உள்ள உங்கள் குடியிருப்பு 'வோனுங்'. நான்கு பேராகச் சேர்ந்து வசிப்பதை 'வியர் வோனென் ட்ஸு ஃபியர்ட்' என்று சொல்ல வேண்டும். இருவர், மூவர், நால்வர் என்று ஆட்களை எண்ணத் தமிழில் தனி வடிவம் இருப்பது போல, அவர்களுக்கு 'ட்ஸு ட்ஸ்வைட்', 'ட்ஸு ட்ரிட்', 'ட்ஸு ஃபியர்ட்' உண்டு. உடன் தங்கும் தோழரை அறிமுகப்படுத்தும்போது 'மைன் ஃப்ரொய்ண்ட்' என்று சொல்லிவிடாதீர்கள். அது பெரும்பாலும் காதலரையே குறிக்கும். 'ஐன் ஃப்ரொய்ண்ட் ஃபொன் மியர்' என்றால் நண்பர். வீட்டைப் பகிர்ந்துகொள்பவர் என்றால் 'மைன் மிட்பெவோனர்'.

கேள்வி: என் மகள் ஒரு ஜெர்மானியரை மணந்திருக்கிறாள். முதன்முறையாக அவள் மாமனார், மாமியாரைச் சந்திக்க அங்கே செல்கிறேன். சம்பந்திக்கு ஜெர்மனில் என்ன சொல்? அவர்களை எப்படி அழைப்பது?

பதில்: சம்பந்தி என்ற உறவுக்கு அன்றாட ஜெர்மனில் ஒரு சொல் கிடையாது. 'டீ ஷ்வீகர்எல்டெர்ன் மைனெர் டொஹ்டர்', அதாவது 'என் மகளின் மாமனார், மாமியார்' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். 'ஷ்வீகர்' என்பது முன்னால் சேர்ந்தால் உறவு திருமணத்தால் வந்தது என்று பொருள்; உங்கள் மருமகன் 'ஷ்வீகர்ஸோன்'.

அழைக்கும் முறையில், தமிழில் 'நீ', 'நீங்கள்' இருப்பது போல அங்கே 'டூ', 'ஸீ' இருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் வீடுகளில் பலரும் தந்தையை 'நீங்கள்' என்போம். அங்கே குடும்பத்துக்குள் வயது வேறுபாடின்றி எல்லோரும் 'டூ'தான். பேரன் தாத்தாவை 'டூ' என்று அழைப்பதைக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் சந்திப்பில் நீங்கள் 'ஸீ' என்று தொடங்குவது நல்லது. பெயருக்கு முன்னால் ஆணுக்கு 'ஹெர்', பெண்ணுக்கு 'ஃப்ராவ்' சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். கைகுலுக்கி, 'ஃப்ரொய்ட் மிஷ், ஸீ கென்னென்ட்ஸுலெர்னென்' என்றால், 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்பது பொருள்.

மகளின் வழியாக நீங்களும் அந்தக் குடும்பத்தோடு இணைந்துவிட்டதால், சிறிது நேரத்திலேயே அவர்கள், வழக்கமாக மூத்தவர், 'வொல்லென் வியர் டூ ஸாகென்?' என்று கேட்கக்கூடும். இனி நாம் 'டூ' என்றே பேசிக்கொள்ளலாமா என்று உறவைத் திறந்துவைக்கும் கேள்வி அது. 'யா, கெர்ன்' என்று சொல்லிவிட்டு, 'இஷ் பின்' என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர்களும் உங்களைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள்.